பின் சீட்டு, இடது பக்கம்

வேகத்தடை கண்ணில் பட்டதுமே அக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை எட்டிப் பிடித்து, உடம்பைச் சற்றே தூக்கி, பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும் இருப்பாள். முன் சக்கரங்கள் ஏறி இறங்கும், ஒன்றும் இருக்காது. பின் சக்கரங்கள் ஏறும், அப்போதும் ஒன்றும் இருக்காது. இறங்கும்போதுதான், அவளுக்கு நேர் கீழே, யாரோ இரும்புக் கதவை எட்டி உதைத்த மாதிரி 'டொங்' என்று ஒரு சத்தம் வரும்.

"அத்தை வந்து சேந்தாச்சு" என்பாள் பக்கத்தில் இருக்கும் தம்பி மகள்.

முன்னால் தம்பி சிரிப்பான். தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள். அக்காவும் சிரிப்பாள். சிரிக்காமல் இருந்தால் கோபம் வந்துவிட்டது என்பார்கள், கோபம் வந்தால் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். ஒன்றரை வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில், தெருவில், கடைகளில், எங்கேயும் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். வீட்டுக்குள் மட்டும் இன்னொரு பெயர் இருந்தது. சின்ன வயதில் பூங்காவில் சீசா ஆடும்போது இவள் ஒரு முனையில் உட்கார்ந்ததும் தம்பி மறுமுனையில் மேலே போய்த் தொங்கினான். கால் தரையில் எட்டாமல் அழுதுகொண்டே அன்றைக்கு அவன் வைத்த பெயர், மூட்டை. நாற்பத்தேழு வயதிலும் அது அவளை விடவில்லை. கட்டியவன் வேறொரு குடும்பம் தேடிப் போய்விட, ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மற்றதெல்லாம் மாறியிருந்தது, அந்தப் பெயர் மட்டும் வாசலிலேயே காத்திருந்தது.

காரும் அப்பாவுடையதுதான். அவர் போன பிறகு வீட்டுக்குப் பொதுவாக நின்றது. தம்பி ஓட்டுவான். தம்பி மகளுக்குப் பயணத்தில் குமட்டும் என்பதால் வலது ஜன்னல் அவளுக்கு. அக்காவுக்குப் பின் சீட்டில் இடது பக்கம்.

அந்தச் சத்தத்துக்காக அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். இராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள், பிறகு ஒரு டம்ளர் பாலோடு நிறுத்திக்கொண்டாள். மாவு மூட்டை தூக்குகிற உடம்பு, விடிகாலையில் வேலைக்குப் போய் அடுப்பு முன்னால் நிற்கும்போது கண் இருட்டும். பாவாடை நாடா இரண்டு விரல் உள்ளே போனது. சத்தம் மட்டும் குறையவில்லை.

அப்போதுதான் தங்கையிடமிருந்து போன் வந்தது. அம்மா நாலு மாதமாகக் கடைசி மகள் வீட்டில் இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, பிளேட் வைத்து, வீட்டுக்கும் கொண்டுவந்த பிறகுதான் தங்கை சொன்னாள். "உங்களையெல்லாம் பயமுறுத்த வேண்டாம்னு அம்மாதான் சொல்லிட்டாங்க" என்று அழுதாள். அம்மா போனை வாங்கிக் கேட்டது ஒன்றுதான். "பெரியவ எப்ப வருவா?"

அன்று இராத்திரி சாப்பாட்டு மேஜையில் பேச்சு நடந்தது.

"சனிக்கிழமை காலைல கிளம்பிடலாம்" என்றான் தம்பி. "ஆறு மணி நேர ஓட்டம். மதியத்துக்கெல்லாம் போயிடலாம்."

"நான் லீவு சொல்லிட்டேன்" என்றாள் அக்கா.

தம்பி தட்டிலிருந்த உருளைக்கிழங்கை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தான். "நீ வேணா பஸ்ல வந்துடேன்க்கா."

"ஏன்?"

"இல்ல, ஊருக்குள்ள ஓட்டறது வேற. அது மெயின் ரோடு. பின்னாடி அந்தச் சத்தம் வருதுல்ல. நடு வழியில ஏதாவது உடைஞ்சு நின்னுட்டா யாரைக் கூப்பிடறது?"

"நீங்க மூணு பேரு மட்டும் போனா உடையாதா?"

"நீ உக்காந்தாதானே வருது அது."

"பஸ்ல சீட்டும் தாராளமா இருக்கும்க்கா" என்றாள் தம்பி மனைவி. அவள் நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். தம்பி மகள் தண்ணீர் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு அதற்குள் சிரித்தாள்.

தம்பியின் பேச்சு அக்காவுக்குப் பழகிப்போனது. இந்தச் சிரிப்புதான் போய்த் தைத்தது. பல் முளைக்கும்போது வந்த காய்ச்சலில் இந்தப் பெண்ணை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தவள் அவள். தூக்கத்தில் இறக்கி வைத்தால் அழும் என்று சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கியிருக்கிறாள். அன்றைக்கு இந்த இடுப்பு யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை.

அவள் தன் பால் டம்ளரை ஒதுக்கி வைத்தாள். ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சட்டியிலிருந்த உருளைக்கிழங்கைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் கை நின்று பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக, ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள்.

"அந்தச் சத்தம் என்னுதா, வண்டியோடதான்னு முதல்ல பாத்துடுவோம்" என்றாள் கை கழுவிக்கொண்டே. "பஸ்ஸைப் பத்தி அப்புறம் பேசு."

*

தம்பி வழக்கமாக வண்டி விடுகிற மெக்கானிக் கெட்ட மனிதர் இல்லை. எந்நேரமும் நாலு வண்டியைத் திறந்து போட்டுக்கொண்டு, எதை முதலில் மூடுவது என்று தெரியாமல் அலைகிறவர். மறுநாள் சாயங்காலம் அக்காவும் கூடவே வந்து நிற்பதைப் பார்த்ததும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார்கிட்ட அப்பவே சொல்லிட்டேனேம்மா. நானே ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு சத்தமும் இல்ல."

"நான் உள்ள இருக்கும்போது ஓட்டுனீங்களா?"

"அது எதுக்கும்மா?"

"நான் இருந்தாத்தான் வருதாம். அப்ப நான் இருக்கும்போதுதானே பாக்கணும்?"

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மேலே தகரக் கூரையைப் பார்த்தான். அக்கா போய்த் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். மெக்கானிக் வேறு வழியில்லாமல் தெருக்கோடி வரை ஓட்டினார். அங்கே இருந்த வேகத்தடையில் 'டொங்' என்றது. அவர் கண்ணாடியில் அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த தம்பியிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"லோடு சார்."

"லோடுன்னா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அக்கா.

"இல்லம்மா, வெயிட் ஏறினா சஸ்பென்ஷன் அடி தட்டும். பழைய வண்டி பாருங்க."

"இந்த வண்டில எத்தனை பேர் போகலாம்?"

"அஞ்சு பேர்."

"அஞ்சு பேர்ல நான் எத்தனை பேர்?"

மெக்கானிக்குக் காது சிவந்துவிட்டது. "நான் அப்படிச் சொல்லலம்மா. நீங்க கொஞ்சம் பாத்து உக்காந்துக்கங்கன்னு..."

"எப்படிப் பாத்து? சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன்."

"அக்கா, போதும் வா" என்றான் தம்பி. வீடு வரும் வரை அக்கா கைப்பிடியைத் தொடவில்லை. வழியிலிருந்த ஒவ்வொரு வேகத்தடையிலும் உடம்பைத் தளர விட்டு உட்கார்ந்து, சத்தம் முழுசாக வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

ரொட்டித் தொழிற்சாலையில் விடிவதற்கு முன்பே அனல் ஏறிவிடும். மாவு பிசையும் இயந்திரம் ஒரு பக்கம் உறுமிக்கொண்டிருக்கும். அக்காவின் வேலை மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவதில் தொடங்கி, பிசைந்த மாவை மேஜைமேல் சரித்து, கத்தியால் வெட்டி, எடை பார்த்து, அச்சுகளில் போடுவது வரை. எடைத் தட்டு அவளுக்குப் பேருக்குத்தான். கையில் எடுத்த மாவு கூடுதலா குறைவா என்று உள்ளங்கையே சொல்லிவிடும். இமை மயிரில் மாவு வெள்ளையாகப் படிந்து, வேர்வையில் பசையாகிவிடும். எட்டு மணிக்குமேல் முதல் அடுக்கு வெளியே வரும்போது வாசல் வரை மணக்கும்.

அந்த அடுக்குகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போடுகிற வேன்காரனுக்கு, ஆள் இருக்கும் உயரத்துக்கும் ஒல்லிக்கும், குச்சி என்று பெயர். நின்றுகொண்டே டீ குடிப்பான், டீ முடிவதற்குள் பத்து விஷயம் பேசுவான்.

"குச்சி, உன் வேன்ல சத்தம் வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் அக்கா.

"பாட்டைச் சத்தமா வெச்சுக்குவேன்."

"நிஜமாக் கேக்கறேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் டம்ளரை இறக்கினான். "எங்க வருது, எப்ப வருதுன்னு பாப்பேன். ஏறும்போதா, இறங்கும்போதா, திருப்பும்போதா, பிரேக் அடிக்கும்போதா. சத்தம் சும்மா வராதுக்கா. ஒண்ணு இடிக்கணும், இல்ல ஒண்ணு உடைஞ்சிருக்கணும். முதலாளி ஒர்க்‌ஷாப்புக்கு விடறதுக்குள்ள அடுத்த வருஷம் வந்துடும். அதனால என் வேனுக்கு அடில நானேதான் படுத்துக் கிடப்பேன்."

"மதியம் எங்க வண்டியக் கொண்டாறேன். பாக்கறியா?"

"நீங்க ஓட்டுவீங்களா?"

"எனக்கெங்க தெரியும். நீதான் ஓட்டுவ."

மதியம் வேலை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தம்பி ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போவான், கார் நிழலில் நின்றது. சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை அவள் எடுக்கும்போது தம்பி மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"எங்கக்கா எடுத்துட்டுப் போறீங்க? அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் எடுத்துட்டுப் போனேன்னு சொல்லு."

"திட்டுவாரு."

"என்னைத்தானே திட்டுவான். நீ ஏன் பயப்படற? நான் கேக்காம எடுத்தேன்னே சொல்லு. உண்மையும் அதானே."

*

தொழிற்சாலைக்குப் பின்னால் லாரிகள் வந்து போகும் சந்து. லாரிக்காரர்கள் பறக்கக்கூடாது என்று முதலாளி அதில் மூன்று இடத்தில் மேடு போட்டு வைத்திருந்தார். குச்சி முதலில் தனியாக ஓட்டிப் போய்த் திரும்பினான். சத்தம் இல்லை. அக்கா இடது பக்கம் ஏறிக்கொண்டாள். முதல் மேட்டில் 'டொங்.' இரண்டாவதில் 'டொங்.' குச்சி கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் சந்தையே பார்த்து ஓட்டினான்.

மூன்றாவது மேட்டுக்கு முன்னால், "நிறுத்து" என்றாள் அக்கா.

இறங்கினாள். வண்டியின் பின்பக்கமாகச் சுற்றிப் போய், வலது கதவைத் திறந்து, தம்பி மகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த ஜன்னலோரம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"இப்பப் போ."

வண்டி ஏறி இறங்கியது. ஒன்றுமில்லை.

"திருப்பிட்டு வா."

மூன்று மேட்டிலும் ஒன்றுமில்லை.

"இன்னும் கொஞ்சம் வேகமா."

குச்சி வேகமாகவே விட்டான். அவன் தலை கூரையில் இடித்தது, அக்கா சீட்டிலிருந்து எழும்பி விழுந்தாள். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் இறங்கியது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள். "நான் அதே ஆளுதானே குச்சி? அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள இளைச்சாப் போயிட்டேன்?"

"ஒரு சுத்து பெருத்துத்தான்க்கா தெரியறீங்க" என்றான் அவனும் சிரித்துக்கொண்டு.

பிறகு ஒரு மாவு மூட்டையைத் தூக்கி வந்து இடது பக்கம் போட்டார்கள். அக்கா தெருவோரம் நின்று பார்த்தாள். மூட்டை மட்டும் போனது. மேட்டில் இறங்கும்போது அதே 'டொங்.'

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளில் நிறுத்தி, இடது பின் சக்கரத்தைக் கழற்றினான் குச்சி. டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டவன், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"அக்கா, இங்க வந்து பாருங்க."

அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். சுருள் கம்பி ஒன்று மேலிருந்து கீழே வந்து ஒரு கிண்ணம் மாதிரி இருந்த இரும்பில் உட்கார்ந்திருந்தது. அதன் கடைசிச் சுற்று பாதியில் அறுந்து நின்றது. உடைந்த துண்டு, ஒரு விரல் நீளம், கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது.

"ஸ்பிரிங்கு உடைஞ்சிருக்கு. இந்தப் பக்கம் வெயிட் உக்காந்தா, உடைஞ்ச முனை இந்தத் துண்டு மேல ஏறிக்குது. மேடு தாண்டி இறங்கும்போது சறுக்கி விழுந்து அடிக்குது. ஆள் இல்லன்னா ஏறவே ஏறாது. அதான் மெக்கானிக்குக் கேக்கல." அவன் துண்டை விரலால் நெம்பி எடுத்து அவள் கையில் வைத்தான். "உடைஞ்ச இடத்தப் பாருங்க, எவ்ளோ துரு. நேத்து முந்தாநேத்து உடைஞ்சதில்ல இது."

"இதோட மெயின் ரோட்டுல போனா?"

"முனை நழுவி வெளிய வந்தா டயரக் கிழிச்சுடும்."

"நான் ஏறாமப் போனாலும்?"

"நீங்க ஏறினதாலதான் சத்தமாவது வந்துச்சுக்கா. இல்லன்னா இது சொல்லாமக் கொள்ளாமக் கிழிச்சிருக்கும்."

அக்கா அந்த இரும்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்ன பன்னுக்கு வெட்டும் மாவின் எடைதான் இருக்கும்.

ஸ்பிரிங்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும், ஜோடியாகத்தான் போட வேண்டும் என்றான் குச்சி. வேனை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய் இரண்டு ஸ்பிரிங்கும், அவை உட்காரும் ரப்பர்களும் வாங்கி வந்தான். அதுவரை அக்கா மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, ஓரம் கருகியதால் ஒதுக்கி வைத்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நல்ல பசி.

வலது சக்கரத்தையும் கழற்றிப் போட்டிருந்த நேரத்தில்தான் தம்பியின் ஸ்கூட்டர் சந்துக்குள் நுழைந்தது. கட்டைமேல் சக்கரமில்லாமல் நின்ற காரையும், அடியில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியின் கால்களையும் பார்த்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடி வந்தான்.

"வீட்லேருந்து போன் வந்து, ஆபீஸ்லேருந்து பாதில ஓடி வர்றேன். என் வண்டிய என்ன பண்ணி வெச்சிருக்க?"

"அப்பா வண்டி" என்றாள் அக்கா.

"சரி, அப்பா வண்டி. யாரக் கேட்டுப் பிரிச்ச? சனிக்கிழமை ஊருக்குப் போகணும்னு தெரியும்ல?"

"தெரியும். அதுக்குத்தான் பிரிச்சேன். கையை நீட்டு."

"என்னது?"

"நீட்டுடா."

துண்டை அவன் கையில் போட்டாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குச்சி வெளியே வந்து, தனக்கே உரிய முறையில் வளவளவென்று, ஆனால் ஒன்றும் விடாமல் விளக்கினான். வலது பக்கம் உட்கார்ந்தபோது சத்தம் வராததையும், மாவு மூட்டைக்கு வந்ததையும் சொன்னான். வேலை முடிந்து கிளம்பிய பெண்கள் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ தடிமன் இரும்பு, ஒரு ஆள் உக்காந்து உடையுமா தம்பி?" என்று கேட்டாள் அக்கா. "நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுல வேற என்ன ஏத்தின?"

அவன் துண்டிலிருந்த துருவை நகத்தால் சுரண்டினான். "டைல்ஸ்" என்றான்.

"மாடி பாத்ரூமுக்கா?"

"ஒரே நடையா முடிச்சுடலாம்னு எல்லாப் பெட்டியையும் டிக்கியில அடுக்கிட்டேன். பாலத்துக்கிட்ட ஒரு பள்ளத்துல இறங்கிடுச்சு. ஒரு சத்தம் வந்துச்சு அப்பவே. டயர்னு நினைச்சேன்."

"இறங்கிப் பாத்தியா?"

"இல்ல."

"அதுக்கு அடுத்த வாரம் நான் ஏறினேன். மூட்டைன்ன."

அவன் துண்டை மறு கைக்கு மாற்றினான். அக்காவும் அவனை விடவில்லை. "ஒன்றரை வருஷமாச் சிரிச்சீங்க. நான் ராத்திரி சாப்பிடறத விட்டேன், தெரியுமா உனக்கு? யாராவது ஒருத்தர் ஏன்னு கேட்டீங்களா?"

"நீ சொல்லவே இல்லையேக்கா."

"இப்பச் சொல்றேன்."

குச்சிக்கு அந்த இடத்தில் நிற்கச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "அந்தக் கீழ் போல்ட்டு வர மாட்டேங்குது, யாராவது ஒரு கை குடுங்க" என்று குரல் கொடுத்தான். ஷாக் அப்சார்பரின் அடி போல்ட்டுகளைக் கழற்றினால்தான் பின் சக்கர அச்சு கீழே இறங்கும், அது இறங்கினால்தான் ஸ்பிரிங் கையோடு வரும். வலது பக்கத்தது வந்துவிட்டது. இடது பக்கத்துப் போல்ட் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று. ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி அதில் குச்சி தொங்கினான், குழாய் அவனைக் காற்றாடி மாதிரி ஆட்டியது. ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் இருந்த தம்பி ஆபீஸ் சட்டையோடு வந்து குழாயை அழுத்தினான். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, போல்ட் அசையவில்லை.

"தள்ளுங்க ரெண்டு பேரும்" என்றாள் அக்கா.

செருப்பைக் கழற்றினாள். வண்டியின் கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழாயின் நுனியில் காலை வைத்து, மெதுவாக, முழு உடம்பையும் அதன்மேல் ஏற்றினாள். குழாய் வளைந்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'கிறீச்' என்று ஒரு கத்தலோடு போல்ட் விட்டுக்கொடுத்தது. நின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கைதட்டினாள்.

"நூறு கிலோ" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள் அக்கா, குழாயிலிருந்து இறங்காமலே. "போன வாரம் மூட்டைத் தராசுலதான் நின்னு பாத்தேன். இனிமே யாரும் குத்து மதிப்பாப் பேச வேணாம்."

மிச்ச வேலைக்குத் தம்பிதான் டார்ச் பிடித்தான். புது ஸ்பிரிங்குகள் ரப்பரோடு உட்கார்ந்தன. சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, ஆள் பாரம் இருக்கும்போதுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும் என்று குச்சி சொல்ல, அக்கா இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தம்பி ஸ்பேனரைப் பிடித்து இறுக்கினான்.

பொழுது சாய்வதற்குள் தம்பியே ஓட்டினான். முதல் மேடு, இரண்டாவது, மூன்றாவது. எஞ்சின் சத்தம்தான் கேட்டது.

"போதும்ல?" என்றான்.

"திருப்பு. இன்னொரு தடவை."

மறுபடி ஓட்டினான். மறுபடி ஒன்றுமில்லை.

"இன்னொரு தடவை" என்றாள் அக்கா. போதும் என்று அவளுக்குத் தோன்றுகிற வரையில் அந்தச் சந்தில் அவனை மேலும் கீழும் ஓட்டச் சொன்னாள். அவனும் ஓட்டினான்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில், தம்பி மகளின் தட்டுக்குப் பக்கத்தில் அந்த இரும்புத் துண்டை வைத்தாள். "அத்தை வந்து சேந்தாச்சுன்னு சொல்லுவியே. இதான் அது."

பெண் அதைத் தொடவில்லை. தம்பிதான் டைல்ஸ் கதையைச் சொன்னான், சுருக்கமாக, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்கே ரெண்டு நடையா எடுங்கன்னு சொன்னேன்" என்றாள் தம்பி மனைவி. அவள் உடனே இன்னொன்றும் செய்தாள், அக்காவின் தட்டை இழுத்துத் தானே பரிமாறினாள். படுக்கப் போகும் முன் தம்பி மகள் அக்காவின் அறைக்கு வந்து கட்டிலில் ஓரமாக உட்கார்ந்தாள். என்னவோ சொல்ல வந்து, சொல்லத் தெரியாமல், அத்தையின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். அக்கா காலை இழுத்துக்கொள்ளவில்லை. "பரவால்ல" என்றும் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை நாலு பேரும் காரில்தான் போனார்கள்.

தங்கை வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை. இரண்டே அறை. கூடத்தில் கட்டிலைப் போட்டு அம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள், அதைச் சுற்றிப் போக ஆளுக்கு ஒரு முழ இடம். தங்கை கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் அம்மா, "வந்துட்டியா, முதல்ல என்னைக் கொஞ்சம் திருப்பி விடு. இவ திருப்பினா எலும்புக்கு எலும்பு எண்ணிடலாம் போல இருக்கு" என்றாள். அக்கா இடுப்புக்கடியில் ஒரு கையும் தோளுக்கடியில் ஒரு கையும் கொடுத்து, மேஜைமேல் மாவைப் புரட்டுகிற மாதிரி, வலிக்காமல் திருப்பினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் கிளம்புகிற பேச்சு வந்தது. தம்பி கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு, "அம்மா இங்கயே இருக்கட்டும். மாசா மாசம் வந்து பாத்துக்கலாம்" என்றான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது.

"நம்மகூடக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் அக்கா.

"எப்படிக்கா? அஞ்சு பேரு, சாமான் வேற. வண்டி தாங்காது" என்றான், வாய்ப் பழக்கத்தில்.

"தாங்கும்."

"ரோடு இருக்கற லட்சணம் தெரியும்ல?"

"நேத்து அதே ரோட்டுலதான் வந்தேன், பின்னாடி உக்காந்து. ஒரு குலுக்கல் இல்ல. டாக்டருக்கு நேத்து சாயங்காலமே போன் பண்ணிக் கேட்டுட்டேன். முன் சீட்டை நல்லாச் சாச்சு, கால நீட்டி வெச்சு, நிறுத்தி நிறுத்திப் போகலாம்னுட்டாரு."

"பகல்ல யாரு பாத்துக்கறது? நீ வேலைக்குப் போயிடுவ, நான் ஆபீஸ்..."

"மதியத்துக்கு மேல நான். காலைல கொஞ்ச நேரம்தான் உங்க பொறுப்பு. அதையும் நீ பாரு. உன்னையும் அவங்கதான் பெத்தாங்க."

"என்னை யாராவது கேக்கறீங்களா?" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. எல்லாரும் திரும்பினார்கள். "நான் வர்றேன். இந்த மூணாவது மாடியில செத்துத் தொலைஞ்சா இறக்கறதுக்கே நாலு ஆள் தேடணும்."

தம்பி தன் மனைவியைப் பார்த்தான், அவளாவது மறுப்பாள் என்று எதிர்பார்த்த மாதிரி. அவள் ஒரு கணம் யோசித்தாள். "கீழ் ரூம்ல கட்டில் போட்டுடலாம். டாய்லெட்டுல பிடிச்சுக்க ஒரு கம்பி வெக்கணும்" என்றாள். "டைல்ஸ் ஒட்டினவனையே கூப்பிட்டா வெச்சுக் குடுப்பான்."

பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து இறக்கினார்கள். மேல்பக்கம் தம்பியும் தங்கை வீட்டுக்காரரும், பாரமெல்லாம் வந்து இறங்கும் கீழ்ப்பக்கம் அக்கா ஒருத்தி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஆண்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். "என்னடா, அதுக்குள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அம்மா. தம்பி மகள் முன்னால் ஓடிக் கதவுகளைத் திறந்து வைத்து, முன் சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்து, தன் தலையணையை அதில் போட்டிருந்தாள்.

அக்கா தன் இடத்தில் உட்கார்ந்தாள், பின் சீட்டு, இடது பக்கம். சாய்த்த சீட்டு அவள் முழங்காலை நெருக்கியது. அம்மாவின் தலை கிட்டத்தட்ட அவள் மடியில்தான் இருந்தது. அவள் இரண்டு கையாலும் அம்மாவின் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். டிக்கியில் துணிப் பெட்டிகளும், நடை பழகும் கம்பிச் சட்டமும். தங்கை வாசலில் நின்று அழுதாள். அந்த அழுகையில் ஒரு ஆறுதலும் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

ஊர் தாண்டும் வரை தம்பி மாட்டு வண்டி மாதிரி உருட்டினான். மெயின் ரோடு வந்ததும் வெயில் ஏறியது. ரெண்டு பக்கமும் காய்ந்த வெளி, நடுவில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு மேடும் பள்ளமுமான சாலை. அம்மா கொஞ்ச நேரம் மாத்திரையைக் குறை சொன்னாள், கொஞ்ச நேரம் டாக்டரை. பிறகு வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

ஒரு சின்ன ஊரின் எல்லையில் பெரிய மேடு ஒன்று, முன்னறிவிப்பு இல்லாமல். தம்பி பிரேக்கை அழுத்துவதற்குள் வண்டி அதில் ஏறிவிட்டது. முன் சக்கரங்கள் இறங்கின. பின் சக்கரங்கள் ஏறி, அமுங்கி, நிமிர்ந்து, சமமாயின. அக்காவின் கைக்குள் அம்மாவின் தோள் ஒரு மூச்சு அளவுக்கு உயர்ந்து தாழ்ந்தது. அவள் விழிக்கவில்லை.

தம்பி கண்ணாடியில் பின்னால் பார்த்தான். "அக்கா," என்றான் மெதுவாக, "சத்தமே வரலல்ல?"

"எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "நீ ரோட்டப் பாத்து ஓட்டு."